அந்த எண்ணோடு பொடியின் வரலாற்றையும் எழுதுங்கள்

திண்மநிலை வேதியியலில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் நெறியாளர்களுக்கும்



உங்கள் ஆய்வேடுகளைப் புறத்தேர்வாளனாக இருந்து வாசிக்கிறவன் நான். உலோகப் பொடியையும் உலோகக் குளோரைடுப் பொடியையும் கலந்து, சூடாக்கியோ பால் மில்லில் அரைத்தோ, அவை என்ன வேகத்தில் வினைபுரிகின்றன என்று அளக்கும் இயல்களை எப்போதும் ஆவலோடுதான் திறக்கிறேன். அலுமினியத்தைத் தனி உலோகமாக உலகத்துக்குக் காட்டியது இந்த வகை வினைதான். 1827இல் ஃப்ரெடரிக் வோலர் நீரற்ற அலுமினியம் குளோரைடைப் பொட்டாசியத்தோடு சூடாக்கிச் சாம்பல் நிறப் பொடியாக அதைப் பிரித்தார். அடுத்த ஆண்டே பெரிலியமும் அதே வழியில் வந்தது. இவ்வளவு பழைய, இவ்வளவு பயன்தரும் வினைக் குடும்பத்தைப் பற்றி இன்னும் நமக்குத் தெரியாதது நிறைய. அதைத் தேடி நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி இயலின் கடைசி அட்டவணையில் வாடிவிடுகிறது. கிளர்வு ஆற்றல் ஒரு மோலுக்கு இத்தனை கிலோஜூல், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். பக்கத்தில் ஒட்டுறவுக் கெழு 0.99. வினையின் வழிமுறை: ஜாண்டரின் முப்பரிமாண விரவல். எந்தப் பொடியிலிருந்து இந்த எண் வந்தது என்று பார்க்கப் பின்னோக்கிப் புரட்டினால், "இரண்டு பொடிகளும் அகேட் கல்வத்தில் நன்கு அரைத்துக் கலக்கப்பட்டன" என்ற ஒற்றை வாக்கியம் நிற்கிறது. துகளின் அளவு இல்லை. குளோரைடு எப்படி உலர்த்தப்பட்டது என்பது இல்லை. எவ்வளவு நேரம் அரைத்தீர்கள், அரைத்ததற்கும் அளந்ததற்கும் இடையே பொடி எங்கே கிடந்தது, எந்தக் கிண்ணத்தில் சூடாக்கப்பட்டது, எதுவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் கேட்டால் நெறியாளரின் முகத்தைப் பார்க்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த எண்ணை எவராலும் மறுபடி பெற முடியாது என்பதுதான் என் கவலை. நீங்களே அடுத்த ஆண்டு பெற முடியாது. மூன்று நான்கு ஆண்டு உழைப்பு இப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதிகம் நம்புவது அதைத்தான்.

நிமிடத்துக்குப் பத்து டிகிரி என்ற ஒரே சூடேற்ற வீதத்தில் ஒரு டி.எஸ்.சி. வளைவை எடுக்கிறீர்கள். கோட்ஸ்–ரெட்ஃபெர்ன் முறையில் பத்துப் பதினைந்து மாதிரிகளை அதன்மேல் பொருத்துகிறீர்கள். எது நேர்கோட்டுக்கு மிக அருகில் வருகிறதோ அதுவே வழிமுறை என்று எழுதிவிடுகிறீர்கள். இப்போது சுருங்கும் கோள மாதிரியின் கோவையையும் ஜாண்டரின் கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவதன் வர்க்கம்தான் இரண்டாவது. மடக்கை எடுத்தால் வர்க்கம் என்பது இரண்டால் பெருக்குவதாகிவிடும். ஆகவே உங்கள் தரவு ஒன்றில் நேர்கோடாக வந்தால் மற்றதிலும் ஏறக்குறைய அதே அளவுக்கு நேர்கோடாகத்தான் வரும். ஒட்டுறவுக் கெழுவால் இரண்டையும் பிரித்துக் காட்டவே முடியாது. சாய்வு மட்டும் இரட்டிப்பாகிவிடும். 600 கெல்வின், அதாவது 327 டிகிரி செல்சியஸ் அருகே நடக்கும் வினைக்குச் சுருங்கும் கோளம் 90 கிலோஜூல் என்று சொன்னால், ஜாண்டர் 190 கிலோஜூல் என்று சொல்வார். வளைவு ஒன்றே, பொடி ஒன்றே.

இந்த வேறுபாடு அட்டவணைக்குள்ளேயே முடிந்துபோகிற விஷயம் அன்று. அதே வினை நூறு டிகிரி குறைந்த வெப்பநிலையில், 227 டிகிரியில், எவ்வளவு மெதுவாகும் என்று அரீனியஸ் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 90 கிலோஜூல் என்றால் ஏறக்குறைய 37 மடங்கு மெதுவாகும். 190 என்றால் 2,000 மடங்கு. இந்தக் கலவையை எந்த வெப்பநிலை வரை பத்திரமாக வைத்திருக்கலாம் என்று ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் உங்கள் கட்டுரையைத் திறந்து பார்க்கக்கூடும். எந்த எண்ணை அவர் கையில் கொடுக்கப்போகிறீர்கள்?

உலகம் இதை அறியாமல் இல்லை. வெப்பப் பகுப்பாய்வுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான இக்டாக், கால்சியம் கார்பனேட், அம்மோனியம் பெர்குளோரேட் ஆகியவற்றின் சிதைவுத் தரவுகளைப் பல ஆய்வாளர்களிடம் கொடுத்து, அவரவர் முறையில் கணக்கிடச் சொன்னது. 2000இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. ஒரே சூடேற்ற வீதத்தில் மாதிரியைப் பொருத்தும் முறையை நம்ப முடியாது என்பது அதில் வெளிப்படையாயிற்று. 2011இல் அதே அமைப்பின் குழு விரிவான பரிந்துரைகளை வெளியிட்டது. குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து சூடேற்றத் திட்டங்கள் வேண்டும். வினை முன்னேற முன்னேறக் கிளர்வு ஆற்றல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் அது ஒற்றைப் படிநிலை வினை அன்று. இவ்வளவும் அதில் தெளிவாக இருக்கிறது. பல ஆண்டுகள் ஆகியும் இன்றைக்கு என் கைக்கு வரும் ஆய்வேட்டில் ஒரே வளைவு, ஒரே வீதம். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணக்கைச் சரிசெய்துவிட்டால் மட்டும் போதாது. உங்கள் பொருள் குளோரைடு என்பதை மறந்துவிடாதீர்கள்.

வில்ஹெல்ம் ஜாண்டர் 1927இல் தன் சமன்பாட்டைத் தந்தபோது சில கருதுகோள்களை வைத்துக்கொண்டார். ஒரே அளவுள்ள கோளத் துகள்கள். ஒவ்வொன்றையும் மற்ற வினைபொருள் முழுமையாகச் சூழ்ந்திருக்கும். வினை முழுக்க அனைத்தும் திண்மமாகவே இருக்கும். நடுவே ஒரே விளைபொருள் அடுக்கு மெல்ல மெல்லத் தடிக்கும். வளைந்த அடுக்கைத் தட்டையானதாகக் கொண்ட பிழையை 1950இல் கின்ஸ்ட்லிங்கும் பிரௌன்ஷ்டைனும் திருத்தினார்கள். கன அளவு மாறுவதை 1961இல் கார்ட்டர் சேர்த்தார். உருகுநிலை மிக உயர்ந்த ஆக்சைடுகளுக்கு இந்தக் கருதுகோள்கள் ஓரளவு பொருந்தும். அலுமினா உருக 2,050 டிகிரி வேண்டும்.

உங்கள் கிண்ணத்தில் இருப்பதோ வேறு. ஃபெரிக் குளோரைடு 307 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதைத் தாண்டிச் சற்று ஏறினால் ஆவியாகிவிடும். துத்தநாகக் குளோரைடு 290இல் உருகும். ஸ்டானஸ் குளோரைடு 247இல். அலுமினியம் குளோரைடு 180இலேயே பதங்கமாகும். சோடியம் உலோகம் 98 டிகிரியில், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, திரவமாகிவிடும். இவை தனித்தனியாக. கலவையில் இன்னும் கீழே இறங்கும். ஃபெரிக் குளோரைடும் சோடியமும் சேர்ந்து கொஞ்சம் சோடியம் குளோரைடு உண்டானவுடன், அந்தப் புதிய உப்பும் மிச்சமிருக்கும் ஃபெரிக் குளோரைடும் கலந்து 160 டிகிரிக்கு அருகிலேயே உருகக்கூடிய கலவையைத் தருகின்றன. 801 டிகிரியில் உருகும் சாப்பாட்டு உப்பு, இங்கே உருகுநிலையைத் தாழ்த்தும் வேலையைச் செய்கிறது. 200 டிகிரியில் உங்கள் வளைவில் ஒரு சிகரம் எழுந்தால், அது திண்மங்களுக்கிடையே நடந்த விரவலா, திரவப் படலத்தில் நடந்த வினையா, ஆவி போய் உலோகத்தைத் தொட்டதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "திண்மநிலை விரவல்" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

தொழிற்சாலைகள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையாக நடந்துகொள்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் உள்ள சிர்க்கோனியம் வளாகத்தில் அணுஉலைகளுக்கான சிர்க்கோனியப் பஞ்சு தயாராகிறது. அடிப்படை வினை, சிர்க்கோனியம் டெட்ராகுளோரைடை மக்னீசியத்தால் ஒடுக்குவது. குளோரைடு திண்மப் பொடிதான். ஆனால் கிரோல் முறை எனப்படும் இந்த ஒடுக்கலில் யாரும் அதை மக்னீசியப் பொடியோடு கலந்து சூடாக்குவதில்லை. குளோரைடு 331 டிகிரியில் பதங்கமாகும் என்று தெரிந்து, அதைத் தனியே ஆவியாக்கி, உருகிய மக்னீசியத்தின்மேல் போய்ச் சேரவிடுகிறார்கள். பொருளின் இயல்பை ஏற்றுக்கொண்டு அமைத்த முறை அது. உங்கள் ஆய்விலும் அந்தப் பணிவு வேண்டும் என்கிறேன்.

அடுத்தது ஈரம். இதைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசி மாதத்துச் சென்னைக் காற்றில் நீரற்ற ஃபெரிக் குளோரைடைத் திறந்து வைத்தால் அது எவ்வளவு விரைவில் பிசுபிசுத்துப் போகும் என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எடை போட்டு, கல்வத்தில் அரைத்து, கிண்ணத்தில் நிரப்பி, கருவிக்குக் கொண்டுபோவதற்குள் ஒவ்வொரு துகளின்மேலும் ஒரு நீர்ப்படலம் ஏறிவிடும். அதில் குளோரைடு கரையும். கரைசலிலுள்ள அயனி உலோகத்தைத் தொடும். துத்தநாகத் தகட்டைக் காப்பர் சல்பேட் கரைசலில் விட்டால் செம்பு படிகிறதே, பள்ளிக்கூடத்தில் செய்த அதே இடப்பெயர்ச்சிதான் உங்கள் "திண்ம" வினையின் முதல் சில விழுக்காட்டில் நடந்து முடிந்திருக்கும். பிறகு நீங்கள் அளப்பது மிச்சத்தைத்தான். மார்கழியில் அளந்தவருக்கும் சித்திரையில் அளந்தவருக்கும் வேறு வேறு எண் வருவதில் என்ன வியப்பு?

கிண்ணத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். டி.எஸ்.சி. கருவியோடு வழக்கமாக வருவது அலுமினியக் கிண்ணம். அலுமினியம் குளோரைடின் உருவாக்க வெப்பம் ஒரு மோலுக்கு மைனஸ் 704 கிலோஜூல். செம்பு, இரும்பு, நிக்கல், வெள்ளி ஆகியவற்றின் குளோரைடுகளிலிருந்து குளோரினைப் பறித்துக்கொள்ளும் வலிமை அலுமினியத்துக்கு உண்டு. நீங்கள் துத்தநாகத்தின் வினை என்று எழுதிய சிகரம், கிண்ணத்தின் வினையாக இருக்கலாம். குளோரைடை மட்டும் தனியே அதே கிண்ணத்தில் சூடாக்கி ஒரு வெற்று ஓட்டம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மணி நேர வேலை. பல ஆய்வேடுகளில் இது இல்லை.

இனி வினையின் உள்ளே வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நீங்கள் அதைத் தவறவிடுகிறீர்கள் என்பதே பெரிய ஆதங்கம்.

1820இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருந்த மைக்கேல் ஃபாரடே, சில்வர் குளோரைடைத் துத்தநாகத்தோடு கல்வத்தில் வைத்து உலர்ந்த நிலையிலேயே அரைத்து வெள்ளியைப் பிரித்தார். வெள்ளீயம், இரும்பு, செம்பு ஆகியவற்றோடும் செய்து பார்த்தார். பிற்காலத்தில் மெக்கானோகெமிஸ்ட்ரி என்று பெயர் பெற்ற துறையின் தொடக்ககாலச் சோதனைகளில் ஒன்று அது. அமெரிக்காவில் லாஸ்லோ டகாக்ஸ் இந்த நூற்றாண்டில் அதைத் திரும்பச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கல்வத்துக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு விளைபொருள் அல்ல, இரண்டு விளைபொருட்கள் உண்டாகின்றன. ஒன்று வெள்ளி, எலக்ட்ரான் தங்குதடையின்றி ஓடும் உலோகம். மற்றொன்று துத்தநாகக் குளோரைடு, அயனிகள் நகரும் உப்பு. சில்வர் குளோரைடுக்குள்ளேயே வெள்ளி அயனிகள் இடம்பெயர்ந்து நடமாடும் குறைபாடுகள் உண்டு. இவை மூன்றும் பின்னிக் கிடக்கும்போது ஒவ்வொரு தொடுமுனையும் குறுக்குச் சுற்றாக்கப்பட்ட ஒரு நுண்ணிய மின்கலமாகிவிடுகிறது. எலக்ட்ரான் வெள்ளி வழியே போகிறது, அயனி உப்பு வழியே வருகிறது. துத்தநாகத் துகள் தொடாத இடத்திலும் வினை நடக்க வழி திறக்கிறது. திண்ம இடப்பெயர்ச்சி வினைகளில் விளைபொருட்கள் அடுக்கடுக்காகப் படிவதும் உண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும் உண்டு என்று ராப், எஸிஸ், யூரெக் ஆகியோர் 1973இலேயே ஆக்சைடுகளை வைத்துக் காட்டினார்கள். எது மெதுவாக நகர்கிறதோ அதைப் பொறுத்து உருவம் அமையும். ஜாண்டரின் ஒற்றை அடுக்குக்கு இங்கே இடமே இல்லை. வெட்டிப் பளபளப்பாக்கிய ஒரு வில்லையின் நுண்ணோக்கிப் படம் ஒன்று, பத்து நேர்கோடுகளைவிட அதிகம் சொல்லும்.

கன அளவையும் பாருங்கள். ஒரு மோல் ஃபெரிக் குளோரைடும் மூன்று மோல் சோடியமும் சேர்ந்து ஏறக்குறைய 127 கன சென்டிமீட்டர். விளைபொருட்களான இரும்பும் உப்பும் 88. மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இடம் காலியாகிறது. சில்வர் குளோரைடு–துத்தநாகம் இணையிலோ எதிர்மாறாகப் பத்து விழுக்காட்டுக்கு மேல் பெருக்கிறது. முதலாவதில் அடுக்கு வெடித்துத் தொடர்பு அறும். இரண்டாவதில் துகள்கள் ஒன்றையொன்று நெரிக்கும். இரண்டுக்கும் ஒரே சமன்பாட்டைப் போடுவது எப்படி நியாயமாகும்? அடர்த்தி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணியில் போடக்கூடிய கணக்கு இது. எந்த ஆய்வேட்டிலாவது போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

துகள் அளவு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்குத் தெரிந்ததுதான், எழுதுவதில்லை என்பதே குறை. விரவல் கட்டுப்படுத்தும் வினையில் வேக மாறிலி ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 325 மெஷ் சல்லடையில் இறங்கிய பொடி என்றால் 45 மைக்ரானுக்குக் கீழே என்றுதான் பொருள். அதில் 5 மைக்ரான் துகளும் இருக்கும், 45 மைக்ரான் துகளும் இருக்கும். இரண்டுக்கும் வேகத்தில் 81 மடங்கு வேறுபாடு. சிறியவை வினைபுரிந்து முடிந்தபின் பெரியவை மெதுவாகத் தொடரும் கலவை வளைவைத்தான் நீங்கள் ஒரே மாறிலியில் அடக்குகிறீர்கள்.

சித்த மருத்துவ நூல்களில் மருந்து முடிக்கும் முறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எந்தச் சாறு விட்டு, கல்வத்திலிட்டு எத்தனை சாமம் அரைப்பது, வில்லை தட்டி எப்படி உலர்த்துவது, எத்தனை வரட்டியில் புடம் போடுவது என்று வரிசையாகச் சொல்வார்கள். சாமம் என்பது மூன்று மணி நேரம். வீரம், பூரம் என்று அவர்கள் அழைத்தவை பாதரசத்தின் இரண்டு குளோரைடுகள். வீரத்தைப் பாதரசத்தோடு சேர்த்து அரைத்தால் பூரம் உண்டாகும் வினையும் உலோகமும் உலோகக் குளோரைடும் சேரும் வினைதான். அவை கொடிய நச்சுப் பொருட்கள். அந்த மருந்துகளுக்காக இங்கே வாதாட வரவில்லை. அரைப்பின் நேரம் விளைவை மாற்றும் என்பதை அறிந்து அதை எழுதிவைக்கும் ஒழுக்கம் இந்த மண்ணில் இருந்தது. மின்னணு நுண்ணோக்கி வைத்திருக்கும் நாம் "நன்கு அரைக்கப்பட்டது" என்று எழுதி நிறுத்திக்கொள்கிறோம்.

பால் மில்லில் வேலை செய்கிறவர்களிடம் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே எண்ணோடு உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஃபெரிக் குளோரைடு–சோடியம் வினையில் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 834 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. வெப்பம் வெளியே போக வழியில்லாவிட்டால், உண்டான உப்பில் ஒரு பகுதி கொதித்துப் போகும் அளவுக்கு, 1,465 டிகிரி வரை, கலவை சூடேறும். இப்படிப்பட்ட இணைகள் மில்லில் சிறிது நேரம் ஒன்றும் நடக்காததுபோல் அரைபட்டுக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று பற்றி, நொடிகளில் முடிந்துவிடக்கூடும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மெக்கார்மிக்கும் அவருடைய குழுவினரும் இந்தத் தீப்பற்றலை முதலில் காப்பர் ஆக்சைடு–கால்சியம் இணையில் ஆராய்ந்தார்கள். பிறகு குளோரைடுகளுக்கு வந்தபோது, காப்பர் குளோரைடும் சோடியமும் கொண்ட கலவையில் சாதாரண உப்பை முன்கூட்டியே சேர்த்து வெப்பத்தைத் தணித்து, நுண்ணிய செம்புத் துகள்களைப் பெற்றார்கள். அந்த உப்பின் அளவு அங்கே வேகத்தை ஆளும் கருவி.

பற்றும் வரையிலான நேரம் பந்தின் எடை, பந்துகளின் எண்ணிக்கை, குடுவையின் கொள்ளளவு, சுழற்சி வேகம், பொடியின் ஈரம் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. வேறொருவர் கட்டுரையில் "30 நிமிடம் அரைக்கப்பட்டது" என்று படித்துவிட்டு உங்கள் மில்லில் 25ஆவது நிமிடத்தில் குடுவையைத் திறப்பது பாதுகாப்பு அன்று. வினைபுரியாமல் நுணுகிப் போன சோடியமும் மக்னீசியமும் காற்றுப் பட்ட உடனே எரியக்கூடும். ஆர்கான் நிறைந்த குளோவ் பாக்ஸில் ஆறவைத்துத் திறங்கள். மிச்சத்தைக் கழுவக் குளோரோஃபார்மையோ கார்பன் டெட்ராகுளோரைடையோ ஒருபோதும் எடுக்காதீர்கள்; சோடியத்தோடு அவை வெடிக்கும். பக்கத்தில் தண்ணீர் வேண்டாம், உலர்ந்த மணல் இருக்கட்டும். நெறியாளர்களே, முதல் முறை குடுவை திறக்கப்படும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். இதை வேண்டுகோளாக அல்ல, கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இன்னொரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு வெப்பத்தைக் கக்கும் கலவையைச் சில மில்லிகிராம் கிண்ணத்தில் வைத்தாலும், பொடியின் வெப்பநிலை கருவி காட்டும் வெப்பநிலையாக இருக்காது. தானே சூடேறித் தானே ஓடும் வினையில் நீங்கள் அளப்பது வெப்பம் வெளியேறும் வேகத்தையே தவிர, வேதி வேகத்தை அன்று.

இதெல்லாம் ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மையக் கருவிக் கூடத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம். ஐந்து வீதத்தில் ஓட்டினால் ஐந்து கட்டணம். முறைக்குக் காத்திருந்து வரும் ஒரு நாளில் ஒரு வளைவுதான் கிடைக்கும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. பட்டம் பெற இத்தனை கட்டுரை என்ற நிபந்தனை கழுத்தில் நிற்கிறது. குளோவ் பாக்ஸ் இல்லாத கல்லூரிகள்தான் அதிகம். இவையெல்லாம் உண்மையான துன்பங்கள். ஆனால் அவற்றின் சுமையை மாணவர் தாங்க, எண்ணின் பெருமையைக் கட்டுரை வாங்கிக்கொள்வது முறையன்று. பணமும் கருவியும் இல்லை என்றால், அந்த அளவுக்குத் தகுந்த கேள்வியைத் தேர்ந்தெடுக்க உதவுவது நெறியாளரின் பொறுப்பு.

அப்படிப்பட்ட கேள்வி ஒன்றை என்னாலேயே சொல்ல முடியும். ஃபாரடேயின் நான்கு உலோகங்களில் செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பும் சில்வர் குளோரைடும் வினைபுரிந்து குப்ரஸ் குளோரைடும் வெள்ளியும் தருவதில் வெளியாகும் வெப்பம் மோலுக்குப் பத்துக் கிலோஜூல் அளவுதான். கலவை தானே சூடேறி ஓடாது. தீப்பற்றும் அச்சம் இல்லை. சில்வர் குளோரைடு ஈரத்தை உறிஞ்சாது. வெளிச்சத்திலிருந்து காத்தால் போதும். குப்ரஸ் குளோரைடு ஈரக்காற்றில் கெடும், ஆகவே உலர்ந்த ஆர்கானோ நைட்ரஜனோ ஓடும் குழாய் உலை வேண்டும். அது பெரும்பாலான துறைகளில் இருக்கிறது. நான்கு பொருட்களையும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் தனித்தனியே அடையாளம் காணலாம். சல்லடையில் மூன்று அளவுகளாகப் பிரித்த செம்பு, மூன்று வெப்பநிலைகள், ஒவ்வொன்றிலும் சில நேரப் புள்ளிகள். வினையை இடையில் நிறுத்தி, குளிரவைத்து, எவ்வளவு மாறியிருக்கிறது என்று நேரடியாக அளக்கலாம். வெள்ளியை முடிவில் மீட்டுக்கொள்ளலாம். இந்த எளிய அமைப்பில் துகள் அளவின் வர்க்க விதி உண்மையிலேயே நிற்கிறதா என்று ஒருவர் நேர்மையாகச் சோதித்து எழுதினால், நான் அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் பட்டத்துக்குப் பரிந்துரைப்பேன். நிற்கவில்லை என்று முடிவு வந்தாலும் பரிந்துரைப்பேன்.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ஒரு குளோரைடுப் புட்டியைத் திறக்கும்போதே ஒரு குறிப்பேட்டையும் திறங்கள். பொடி எங்கிருந்து வந்தது, எப்போது உலர்த்தினீர்கள், அன்றைக்குக் காற்றின் ஈரப்பதம் என்ன, எத்தனை நிமிடம் எந்தக் கல்வத்தில் அல்லது எத்தனை பந்தோடு அரைத்தீர்கள், அரைத்தபின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஏற்கெனவே விளைபொருள் தெரிந்ததா, கிண்ணம் எதனால் ஆனது, வெற்று ஓட்டம் என்ன காட்டியது என்று எழுதுங்கள். குறைந்தது மூன்று வீதங்களில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் கிளர்வு ஆற்றலை எழுதாமல் விடுங்கள், வளைவை மட்டும் கொடுங்கள். ஒத்துவராத ஓட்டங்களைக் கிழித்துப் போடாதீர்கள். அவற்றையும் மூலத் தரவுகளையும் பின்னிணைப்பில் சேருங்கள்.

நெறியாளர்களே, மாணவர் "இன்னும் இரண்டு வீதம் ஓட்ட வேண்டும்" என்று கேட்டால் அந்தக் கட்டணத்துக்கு வழி பண்ணுங்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். என்னைப் போன்ற புறத்தேர்வாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இனி என்னிடம் வரும் ஆய்வேட்டில் துகள் அளவும் உலர்த்திய முறையும் கிண்ணமும் இல்லாமல் கிளர்வு ஆற்றல் மட்டும் இருந்தால், அந்த இயலைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்போகிறேன். சக தேர்வாளர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று இந்த மடலின் வழியே அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். திருப்பி அனுப்புவது உங்களுக்குச் சில மாதத் தாமதத்தைத் தரும் என்பது தெரியும். அதனால்தான் ஆய்வு தொடங்கும் இந்தப் பருவத்திலேயே எழுதுகிறேன். முதல் பொடியை உலர்த்தும் நாளிலிருந்தே குறிப்பெடுக்கத் தொடங்கினால் அந்தத் தாமதம் யாருக்கும் வராது.

அன்புடன்,
உங்கள் ஆய்வேடுகளை வாசிக்கும் வேதியியல் ஆசிரியன்